மரை பார்த்தவர்

எந்தப் பொருளையும் அவர் முன்பக்கம் பார்த்து நான் கண்டதில்லை. கையில் கொடுத்ததும் கவிழ்த்துவிடுவார். டிபன் பாக்ஸோ, கைக்கடிகாரமோ, அயர்ன் பாக்ஸோ, எதுவானாலும் முதலில் அடியைப் பார்ப்பார். ஸ்க்ரூ இருந்தால் ஸ்க்ரூவைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். தோஹாவில் நஜ்மா என்கிற பகுதியில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். சூக்கில் பேரம் பேசி எதையாவது வாங்கி வருகிறவன், அவர் கண்ணில் படாமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டத்தான் பார்ப்பான்.

"இதுக்க ஸ்க்ரூ நேத்து வெட்டினது மக்கா," என்பார். அதில் குத்தல் இருக்காது. மின்சாரம் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொல்வார். வாங்கியவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். ஊரில் படகு என்ஜின் வேலை பார்த்தவர், இங்கே எங்கள் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டினார். நான் அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், அறந்தாங்கிப் பக்கம். வயதில் இரண்டு வருடம்தான் வித்தியாசம், இருந்தாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மற்ற நாட்டுக்காரர்களுக்கு அவர் உஸ்தாத். மரை கழன்ற ஆள் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் உண்டு. சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் மரை அளக்கும் கேஜ் வைத்திருப்பார். சீப்பு மாதிரிப் பல் வெட்டிய சின்னத் தகடுகள், விசிறியாக விரியும். எந்தத் தகட்டின் பல் ஸ்க்ரூவின் மரையில் சந்தில்லாமல் உட்காருகிறதோ அதுதான் அதன் அளவு. மாதா கோயில் படத்தைப் பர்ஸில் வைத்திருந்தார், கேஜை நெஞ்சில் வைத்திருந்தார்.

துப்பாக்கிக்கும் அவருக்கும் சம்பந்தம் வந்தது ஒரு தப்பினால். எங்கள் கபீலை, அதாவது விசா கொடுத்த முதலாளியை, எல்லோரும் அர்பாப் என்போம். அறுபது வயதுக்காரர், நாலு லாரியோடு தொழில் தொடங்கியவர். அவருக்குப் பழைய பட்டாளத்துத் துப்பாக்கிகளில் பைத்தியம். குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் கெட்டித்து, சக்கிமுக்கிக் கல்லால் பொறி தட்டிச் சுடுகிறவை. ஆள் உயரம் இருக்கும். கும்பினிக்காரன் சிப்பாய்களுக்குக் கொடுத்தது, கப்பலில் வந்தது, வடமேற்கு எல்லை மலைநாட்டு வழியாக வந்தது என்று அவர் வீட்டு மஜ்லிஸில், அதாவது ஆண் விருந்தினர்கள் உட்காரும் பெரிய கூடத்தில், சுவர் முழுக்கத் தொங்கும். அதில் ஒன்றில், கல்லைக் கவ்வுகிற குதிரை உடைந்துபோக, ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார்.

அண்ணன் குதிரையைச் செய்து பொருத்தினார். அதோடு விட்டிருக்கலாம். துருவோடு ஒரு ஜாபை வெளியே அனுப்புவது நம் பட்டறைக்காரனுக்கு ஆகாத காரியம். அப்படி அனுப்பினால் ஃபோர்மேன் மூஞ்சியில் எறிவான் என்று பழகிய கை. மூன்று நாள் எமரித் தாள் போட்டுத் தேய்த்து, பஃபிங் வீலில் பிடித்து, கட்டைக்கு வார்னிஷ் அடித்து, எவர்சில்வர் குடம் மாதிரி ஆக்கிவிட்டார். அதைக் கொடுக்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். தம்மாமில் மூன்று வருடம் ஒரு வீட்டில் டிரைவராக இருந்து நான் கற்ற அரபிதான் எங்கள் கம்பெனியில் தமிழனுக்கும் அர்பாபுக்கும் நடுவில் ஓடியது. அடுக்களையிலும் காரிலும் கற்ற அரபி, அவ்வளவுதான்.

அர்பாப் அதைக் கையில் வாங்கி, இது எந்தத் துப்பாக்கி என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். "இருநூறு வருஷத்தை மூன்று நாளில் கழுவிட்டான். கலாஸ், எல்லாம் முடிந்தது," என்றார்.

நான் அண்ணனிடம், "பாலிஷ் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சாம்ணே," என்றேன்.

"அவருக்க மொகத்தப் பாத்தா அப்படி இல்லியே," என்றார் அவர்.

விடவே இல்லை. ரூமுக்கு வந்தும் நச்சரித்தார். கடைசியில் அர்பாப் சொன்னதை உள்ளபடி சொன்னேன். பழைய துப்பாக்கியில் அந்தக் கறுப்பு இருந்தால்தான் விலை, கறுப்பு போனால் பாதி விலைகூடத் தேறாது என்பதையும் சொன்னேன். அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறு வாரம் என்னிடம் வந்து, மற்றத் துப்பாக்கிகளையும் பார்க்க வேண்டும், தான் அழித்தது என்னவென்று தெரிய வேண்டும் என்று கேட்கச் சொன்னார். அர்பாப் நல்ல மனிதர். வரச் சொன்னார். எங்கள் வெள்ளிக்கிழமைகள் அப்படி ஆரம்பித்தன.

அதற்குப் பிறகு அண்ணன் எதையும் தேய்க்க விடமாட்டார். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் தன் அப்பாவின் பித்தளைத் திருநீற்றுச் சம்புடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "இது அழுக்கு இல்ல, வயசு. விடும்," என்றார். அப்படியென்றால் ரூம் கெட்டிலில் இருக்கிற கரி என்ன என்று நான் கேட்டேன். கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இது அழுக்கு," என்றார். கழுவ மட்டும் இல்லை.

மஜ்லிஸில் அவர் துப்பாக்கி பார்ப்பதைப் பார்க்க ஆள் கூடும். வெள்ளைத் துணி விரித்து, விசைத் தகட்டைக் கழற்றி, ஸ்க்ரூக்களை எந்த ஓட்டையிலிருந்து எடுத்தாரோ அந்த வரிசையிலேயே அடுக்குவார். அவருக்குச் சரித்திரம் தெரியாது. கும்பினி எப்போது வந்தது, எந்தச் சண்டையில் எவன் ஜெயித்தான், ஒன்றும் தெரியாது. மரை தெரியும். அந்தக் காலத்துக் கொல்லன் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் ஓட்டைக்கென்று கையால் வெட்டினான். ஒன்றை எடுத்துப் பக்கத்து ஓட்டையில் போட்டால் அரைச் சுற்றில் நின்றுவிடும். மெஷினில் வெட்டிய ஸ்க்ரூ எந்த ஓட்டையிலும் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் இரண்டு ஸ்க்ரூவை மாற்றிப் போட்டுப் பார்ப்பார். நின்றால் அவர் முகம் தெளியும்.

"ஒரு ஸ்க்ரூவ வச்சுச் சொல்லப்பிடாது. ஒண்ணு தொலஞ்சு போயி எவனாவது புதுசு போட்டிருப்பான். எல்லாம் ஒண்ணு போல ஏறிச்சுன்னா அப்பம் சொல்லலாம்," என்பார்.

அர்பாப் ஒரு நாள், உஸ்தாத் ஏன் ஸ்க்ரூவை மாற்றிப் போடுகிறார் என்று கேட்டார். கொல்லன், கை மரை, மெஷின் மரை, இதையெல்லாம் என் அடுக்களை அரபியில் யார் சொல்லிக்கொண்டிருப்பது? "இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்," என்றேன். அர்பாபும் தலையாட்டிவிட்டார். அந்தச் சோம்பேறித்தனம் பிற்பாடு எனக்கு வசதியாகப் போனது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணன் சொன்னதை நான் அப்படியே சொன்னதில்லை. சொன்னால் இரண்டு பேர் வேலையும் போயிருக்கும் என்று பயம். ஒருமுறை கும்பினி முத்திரை குத்திய துப்பாக்கி வந்தது. தகட்டில் ஒரு சிங்கம் எழுந்து நிற்க வேண்டும். மலைநாட்டுப் பட்டறையில் எவனோ பார்த்துக் குத்தியது. அண்ணன் அதைத் தொடவே இல்லை. "இது சிங்கமில்ல, பட்டி," என்றார். அவர் ஊரில் பட்டி என்றால் நாய். நான் அர்பாபிடம், "சிங்கம் கொஞ்சம் இளைத்திருக்கிறது என்கிறார்," என்றேன். மஜ்லிஸே சிரித்தது. அர்பாப் கூர்மையானவர், புரிந்துகொண்டு அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு துப்பாக்கியில் குழலின் அடியில் பொறி உள்ளே போகும் துளை இருக்குமே, அதை அண்ணன் காது என்பார். அந்தக் காதைச் சுற்றி அடைத்துத் தேய்த்த வட்டத்தைக் கண்டுபிடித்தார். கல் துப்பாக்கியை நடுவில் ஒருவன் பொட்டுவெடி மாதிரி கேப் வைத்துச் சுடுகிறதாக மாற்றியிருக்கிறான். கல் துப்பாக்கிக்குத்தான் விலை என்று தெரிந்ததும் இன்னொருவன் மறுபடியும் கல்லுக்கே மாற்றிவிட்டான். "ரெண்டு தடவ மதம் மாறின ஆளு," என்றார் அண்ணன். நான், "பழையதுதான், கொஞ்சம் ரிப்பேர் பார்த்திருக்கிறார்கள்," என்றேன். பொய் இல்லை, உண்மையும் இல்லை. அந்த இடைவெளியில்தான் நான் வருடக்கணக்கில் குடியிருந்தேன்.

அவரிடம் எனக்குக் கோபம் வந்த சம்பவமும் உண்டு. டர்னர் என்று சொல்லி விசா வாங்கி விழுப்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது, ஊரில் கடன், மூன்று பிள்ளைகள். அண்ணன் அவர் கையைப் பிடித்து, வழக்கம் போல, புரட்டி உள்ளங்கையில் காய்ப்பு இருக்கிறதா என்று பார்த்தார். மாலை ஃபோர்மேன் வந்து, உஸ்தாத், இவனுக்கு வேலை தெரியுமா என்று ஹிந்தியில் கேட்டான். "நஹி," என்றார் அண்ணன். ஒரே சொல். அந்த மனிதரை சைட்டில் சிமெண்ட் கலக்கும் கூட்டத்தில் போட்டார்கள். நம் ஆளுக்கு நாமே குழி பறிப்பதா என்று நான் இரண்டு வாரம் பேசவில்லை.

"லேத்து அவனுக்க கைய எடுத்திருக்கும். அப்பறம் ஒனக்கு அவனப் பாக்க சகிக்குமா?" என்றார். எனக்கு ஒன்று புரிந்தது. நாளைக்கு என் விஷயம் வந்தாலும் இவர் வாயிலிருந்து இதே சொல்தான் வரும்.

என் விஷயமும் வந்தது. என் மனைவியையும் மகளையும் கூட்டி வர ஃபேமிலி விசாவுக்கு இரண்டு தடவை போட்டு இரண்டு தடவையும் திரும்பிவிட்டது. ஸ்டோர் கீப்பர் என்ற பதவிக்குக் கிடைக்காது. நான் ஸ்டோர் மேனேஜர், எனக்கு வீடு கம்பெனி கொடுக்கிறது என்று அர்பாப் ஒரு லெட்டரில் கையெழுத்துப் போட வேண்டும். மகளுக்கு அப்போது ஆறு வயது. போனில், "நீங்க எப்ப வருவீங்க மாமா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு மாமா என்று நினைத்தாளோ என்னவோ. அவள் அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன், பிறகு வைத்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். இதை அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அதிலிருந்து தினமும், "காயிதம் என்னாச்சு?" என்று கேட்பார்.

லெட்டர் டைப் ஆகி அர்பாப் வீட்டு மேஜையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறேன் என்றிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மஜ்லிஸில் கால் வைக்க இடமில்லை. அர்பாபின் அண்ணன், அவர் பிள்ளைகள், மச்சினர்கள் எல்லோரும் இருந்தார்கள். நடுவில் துணிமேல் ஒரு துப்பாக்கி. அர்பாபின் தாத்தா முத்துக் குளிக்கப் போன காலத்தில் ஒரு கப்பல்காரனிடம் கும்பினித் துப்பாக்கி ஒன்று வாங்கி, வெள்ளிப் பட்டை கட்டி, தன் பேரைப் பொறித்து வைத்திருந்தாராம். பிறகு பஞ்ச காலத்தில் விற்றுவிட்டாராம். அதுதான் இது என்று ஒரு வியாபாரி கொண்டு வந்து கொடுத்திருந்தான். வெள்ளிப் பட்டையும் இருந்தது, பேரும் இருந்தது. அர்பாப் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் கவிழ்த்தார். விசைத் தகட்டைக் கழற்றினார். ஐந்து ஸ்க்ரூ. வரிசையாக அடுக்கினார். முதலாவதை எடுத்து மூன்றாவது ஓட்டையில் வைத்துத் திருப்பினார். நிற்காமல் போனது. நாலாவதை முதல் ஓட்டையில் வைத்தார். அதுவும் போனது. ஐந்தையும் மாற்றி மாற்றிப் போட்டார், ஐந்தும் எங்கேயும் நிற்கவில்லை. கேஜை எடுத்து ஒரு தகட்டை வைத்தார். நம் ஒர்க்‌ஷாப்பில் பிக்கப் வண்டிக்குப் போடுகிற அதே மில்லிமீட்டர் மரை. பிறகு குழலைத் தூக்கி, கட்டையில் குழல் படுத்திருந்த பள்ளத்தை விரலால் தேய்த்து மோந்து பார்த்தார்.

"மக்கா, அஞ்சும் ஒண்ணு. கட்டைக்குத் தேயிலத் தண்ணி அடிச்சிருக்கான். ஒரு வருசத்துக்கு உள்ள செஞ்சது. வெள்ளிப் பட்டை மட்டும் பழசு. அது எங்க உள்ளதுன்னு எனக்குத் தெரியாது. சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அர்பாப் பார்த்தது இன்னும் எனக்குத் தெரிகிறது. எதுவும் கேட்காத பார்வை, சொல்லப்போவது ஏற்கெனவே தெரியும் என்கிற பார்வை. அவருக்குப் பின்னால் மேஜையில் என் லெட்டர்.

"எல்லா ஸ்க்ரூவும் இறுக்கமாக இருக்கிறது. பழையதுதான், அசல் என்கிறார்," என்றேன்.

அர்பாப் எழுந்து வந்து அண்ணனைக் கட்டிப்பிடித்தார். நெற்றியில் முத்தம் கொடுத்தார். அர்பாபின் அண்ணனும் வந்து கொடுத்தார். ஸ்க்ரூடிரைவர் கையில் இருக்க அண்ணன் அப்படியே நின்றார். அவர்கள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். அரபி தெரியாதவர்தான், ஆனால் ஐந்து ஸ்க்ரூவையும் அந்த இடத்திலேயே மாற்றிப் போட்டு, பிக்கப் ஸ்க்ரூவைப் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால் அர்பாபுக்குப் புரிந்திருக்கும். காட்டவில்லை. குனிந்து ஒவ்வொன்றையும் எடுத்த ஓட்டையிலேயே திரும்பப் போட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு லெட்டர் என் கைக்கு வந்தது. பிக்கப்பில் நஜ்மா வரும்வரை அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். ரவுண்டானா தாண்டித்தான் கேட்டார்.

"நீ என்ன சொன்ன?"

"நீங்க சொன்னதைத்தான்ணே."

"நான் சொன்னதுக்கு ஒருத்தன் கெட்டிப் பிடிச்சு முத்தம் தருவானா?"

நான் வண்டியை ஓட்டினேன்.

"காயிதத்துல ஒப்பு போட்டாரா?"

"போட்டுட்டாருண்ணே."

"செரி. பிள்ளையக் கூட்டிட்டு வா."

குடும்பம் இரண்டு மாதத்தில் வந்து சேர்ந்தது. அண்ணன் மகளுக்கு ஒரு பொம்மைக் கார் வாங்கி வந்தார். கொடுப்பதற்கு முன் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டார். மகளும் வாங்கியவுடன் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். "கொள்ளாம், கெட்டிக்காரி," என்று அவர் சிரித்த ஒரே நாள் அது. அவர் ஊருக்குப் போகும்போதும் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டுதான் போனார். அந்தத் துப்பாக்கி, நான் தோஹாவை விட்டுக் கிளம்பும்வரை மஜ்லிஸின் நடுச் சுவரில் தொங்கியது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். என் மகள் பள்ளிக்கூட வேனில் ஏறுவதைப் பார்க்கிறபோது அந்த வெட்கம் போய்விடும். இரண்டும் உண்மைதான்.

இடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். லெட்டர் கிடைத்த அடுத்த வெள்ளிக்கிழமை அர்பாப் வேறொரு துப்பாக்கி வைத்திருந்தார். வெள்ளியும் கிடையாது, அலங்காரமும் கிடையாது, கரியேறிய சிப்பாய்த் துப்பாக்கி. அண்ணன் வாங்கியதும் கை தானாகக் கவிழ்த்தது. இன்னொரு கை சட்டைப் பைக்குப் போனது. கேஜைத் தொட்டது. எடுக்காமல் வெறுங்கையாகத் திரும்பியது. துப்பாக்கியைத் துணிமேல் வைத்தார்.

"எனக்க கண்ணு மங்கிப் போச்சு. மரை தெரியல்ல. இனி என்னக் கொண்டு ஆவாது, வேற ஆளப் பாக்கச் சொல்லு," என்றார்.

முந்தின நாள்தான் கண்ணாடி போடாமல் பம்ப் தண்டு ஒன்றுக்கு மரை வெட்டி என் ஸ்டோருக்கு அனுப்பியிருந்தார். முடி அளவுகூடப் பிசகில்லை. நான்தான் வாங்கி வைத்தேன்.

"எதுக்குண்ணே இது? சும்மா பாத்துட்டு வந்துருவோம்," என்றேன்.

"பாத்தா சொல்லணும். சொன்னா நீ மாத்துவ." குரலில் கோபம் இல்லை. "இதயாவது மாத்தாம சொல்லு."

அர்பாப் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். கண் மங்கிவிட்டதாம், மரை தெரியவில்லையாம், இனி அவரால் முடியாதாம், வேறு ஆளைப் பார்க்கச் சொல்கிறார். அர்பாப் எழுந்து வந்து, அண்ணனின் இரண்டு கண்களின் மேலும் உள்ளங்கையை வைத்து ஏதோ ஓதினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அத்தனை வெள்ளிக்கிழமைகளில், அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் நான் அரபியில் சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.